ஸ்டாண்டர்டும் பிளஸ்ஸும்

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தொன்பது. குரு சீடரை அக்கா என்று கூப்பிடுவாள். சீடர் குருவை டீச்சர் என்று கூப்பிடுவாள். இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. தெருவுக்குத்தான் காரணம் புரியவில்லை.

சீடரின் பெயர் அமலோற்பவம். திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். குருவின் பெயர் ஜெனிட்டா. அதே தெருவில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவோடு உட்கார்ந்து எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாள்.

ஒரு வருஷத்துக்கு முன்னால், மாவு வாங்க வந்த ஜெனிட்டாவிடம் அமலோற்பவம் கேட்டாள்.

"நேத்துப் பூசையில ஒரு கம்பியை விரலால இழுத்துப் பிடிச்சீங்களே, அது ஏன் அப்படி அழுதுச்சு?"

ஜெனிட்டா மாவுச் சட்டியைக் கீழே வைத்தாள். அமலோற்பவத்தின் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தாள். குண்டான் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்கள்.

"சாயங்காலம் மாடிக்கு வாங்கக்கா" என்றாள்.

அப்படித்தான் பாடம் ஆரம்பித்தது.

மாடியில் சத்தம் போட முடியாது. கீழ்வீட்டில் உடம்பு முடியாதவர் ஒருவர் படுத்திருந்தார். அதனால் பாடம் முழுக்க வயர் போடாமல்தான் நடந்தது. வயர் போடாத எலக்ட்ரிக் கிட்டாருக்குக் குரல் கிடையாது. காதோரம் கொசு பறக்கிற அளவுக்கு ஏதோ கேட்கும். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து அதைக் கேட்பார்கள்.

"இது கிட்டாரோட நிஜக் குரல் இல்லக்கா. வீட்டுல போய் வயர் போட்டு வாசிங்க" என்று ஜெனிட்டா தன்னுடைய பழைய கிட்டாரைக் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு வயரும், சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப் பெட்டி ஒன்றும். பெட்டி ஒரு முக்காலி உயரம் இருக்கும்.

வாரா வாரம் கேட்பாள்.

"வயர் போட்டு வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன் டீச்சர்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு டீச்சர்."

கேட்டுவிட்டு ஜெனிட்டா அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள்.

அமலோற்பவம் கவலைப்படுகிறவள். மாவு பொங்கினால் புளித்துவிடுமே என்பாள். பொங்காவிட்டால் இட்லி கல்லாகிவிடுமே என்பாள். சரியாகப் பொங்கிய அன்றைக்கு, நாளைக்கு என்ன ஆகுமோ என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக மாடி ஏறி இறங்கியதே பெரிய விஷயம். விரல் நன்றாகவே ஓடியது. காணிக்கைப் பாட்டு முழுக்க வரும். கம்பியை இழுத்துப் பிடிக்கிற அந்த இடமும் வரும்.

பிறகு ஜூன் மாதம் வந்தது. ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை ஜெனிட்டாவுக்குக் கிடைத்தது.

"சந்தோசம் டீச்சர்" என்றாள் அமலோற்பவம்.

"பழைய கிட்டார் அங்க பிள்ளைங்களுக்கு வேணும்கா. நீங்க சொந்தமா ஒண்ணு வாங்கிருங்க."

"சரி டீச்சர்."

"இன்னொண்ணு. குழுவுல இனிமே என் இடத்துல நீங்கதான் உக்காரணும். ஃபாதர்ட்ட சொல்லிட்டேன். வர்ற ஞாயிறு காலைப் பூசை."

அமலோற்பவம் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள்.

எல்லாவற்றையும் நினைத்துக் கவலைப்பட்டால் வேலை ஓடாது. கவலை ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் அவளால் அரிசி களைய முடியும். இந்தத் தடவை அது புதுக் கிட்டாரில் போய் உட்கார்ந்தது.

திருப்பூரிலிருந்து மகன் பணம் அனுப்பியிருந்தான். "உனக்கு எது பிடிக்குதோ அதை வாங்கும்மா" என்றான். அதுதான் அவளுக்குத் தொல்லையாகப் போய்விட்டது. இதைத்தான் வாங்கணும் என்று யாராவது சொல்லியிருந்தால் நிம்மதியாக வாங்கியிருப்பாள்.

கடைக்காரர் இரண்டு கிட்டார்களை இறக்கி வைத்தார்.

"ஒரே கிட்டார்தாம்மா. ரெண்டு விதமா வருது. இது ஸ்டாண்டர்ட். இது பிளஸ்."

"என்ன வித்தியாசம்?"

"பிளஸ்ல முகப்பு மரத்தைப் பாருங்க, வரி வரியா ஓடுது. கம்பிக்குக் கீழ இருக்கிற காந்தம் உசத்தி. இந்தக் குமிழை மேல இழுத்தா சத்தம் வேற மாதிரி மாறும். முறுக்காணியில பூட்டு இருக்கு. சுருதி சேர்த்துப் பூட்டிட்டா சீக்கிரம் இறங்காது. திண்டுக்கல்காரங்களுக்குப் பூட்டைப் பத்தி நான் சொல்லணுமா?"

அமலோற்பவம் பிளஸ்ஸைத் தொடாமல் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பிளஸ்ஸுக்கு என்ன படிச்சிருக்கணும்?"

அவள் எட்டாம் ஸ்டாண்டர்டோடு நின்றவள். ஸ்டாண்டர்ட் என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடத்து வகுப்பு. பிளஸ் என்றால் பிளஸ் டூ. படித்து முடித்தவர்களுக்கு ஒன்று, பாதியில் நின்றவர்களுக்கு ஒன்று என்று கிட்டாரிலும் பிரித்திருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். உலகத்தில் வேறு எல்லாவற்றிலும் அப்படித்தானே பிரித்திருக்கிறார்கள்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. பக்கத்தில் கம்பி வாங்க நின்ற காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன், "பிளஸ்ஸுக்கு என்ட்ரன்ஸ் எழுதணும் ஆன்ட்டி" என்றான்.

"வந்து பாக்குறேங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள். பஸ்ஸில் வராமல் வீடு வரை நடந்தே வந்தாள்.

அன்று சாயங்காலம் மாடி ஏறினாள். ஜெனிட்டா துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டாண்டர்டா, பிளஸ்ஸா டீச்சர்?"

"ரெண்டும் நல்லதுதான்கா."

"அது தெரியும். எனக்கு எது?"

ஜெனிட்டா ஒரு சுடிதாரை மடித்தாள்.

"ஸ்டாண்டர்ட் வாங்கினா, 'அவளுக்கு இது போதும்'பாங்க. பிளஸ் வாங்கினா, 'அவளுக்கு இது கேக்குதா'ம்பாங்க" என்றாள் அமலோற்பவம்.

"யாரு சொல்வாங்கக்கா?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"குழுவுல பாடுற பிள்ளைங்க எல்லாம் காலேஜு. நான் எட்டாவது." பிறகு, சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்த கடைக் கதையையும் சொல்லிவிட்டாள். என்ட்ரன்ஸ் வரைக்கும் சொன்னாள்.

ஜெனிட்டா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"பிளஸ்ஸுக்கு என்ன படிச்சிருக்கணும்னு கேட்டீங்க. கடைக்காரர் பதில் சொன்னாரா?"

"எங்க? அதுக்குள்ள அந்தப் பயலுக சிரிச்சுட்டானுங்க."

"சரி. நாளைக்கு ரெண்டையும் வாங்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றேன். கடைக்காரர் எனக்குத் தெரிஞ்சவர்தான். ஒரு சாயங்காலத்துக்குக் கொடுப்பாரு."

அமலோற்பவத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வீட்டுக்கா? வேண்டாம் டீச்சர். வீடெல்லாம் மாவு."

"தினமும் மாவு வாங்கத்தானே வர்றேன்."

"வாசல் வரைக்கும்தானே வருவீங்க."

"நாளைக்கு உள்ள வர்றேன்" என்றாள் ஜெனிட்டா. "நாளன்னைக்கு விடியக்காலைல எனக்குப் பஸ். நீங்க பூசையில வாசிக்கும்போது நான் மலை ஏறிக்கிட்டிருப்பேன். நீங்க வாசிச்சு நான் கேட்டதே இல்லக்கா."

"ஒரு வருசமா கேட்டுக்கிட்டுதானே இருக்கீங்க?"

"கொசுச் சத்தத்தைக் கேட்டிருக்கேன்."

மறுநாள் சனிக்கிழமை. ஜெனிட்டா இரண்டு தோளிலும் இரண்டு கிட்டார்களை மாட்டிக்கொண்டு வந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீடே அதிர்ந்தது. அமலோற்பவம் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "உக்காருங்க டீச்சர், உக்காருங்க" என்று கத்தினாள். அந்த வீட்டில் கத்தினால்தான் கேட்கும்.

"எப்ப வாசிப்பீங்க?" ஜெனிட்டாவும் கத்தினாள்.

"இது ஓடும்போது!"

"நின்னதும்?"

"நின்னதும் மாவை வழிக்கணுமே! ஆளுங்க வந்துருவாங்க!"

ஜெனிட்டா தலையாட்டினாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் பூப்போட்ட துணி விரித்த ஒரு மேடை. அதன்மேல் மாதா சொரூபம். முன்னால் மெழுகுவர்த்தி, ஒரு முழம் மல்லிகை. ஜெனிட்டா சிலுவை போட்டுக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் துணியின் ஓரத்தை லேசாகத் தூக்கினாள்.

உள்ளே கறுப்பாக அவளுடைய ஆம்ப் பெட்டி இருந்தது.

அமலோற்பவத்தின் கை மாவிலேயே நின்றுவிட்டது. ஒரு வருஷமாகச் சொன்ன 'வாசிச்சேன் டீச்சர்' எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பூமி பிளந்தால் நல்லது என்று தோன்றியது. கிரைண்டராவது நிற்காமல் ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஜெனிட்டா எழுந்து போய் கிரைண்டரை நிறுத்தினாள்.

வீடு அமைதியானது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிப்பது கேட்டது.

"மாதா நல்ல எடத்துலதான் உக்காந்திருக்காங்க" என்றாள் ஜெனிட்டா.

"டீச்சர்..."

"வயர் எங்கக்கா?"

"அரிசி டின்னுல."

"ஏன்?"

"ஈரக்கை டீச்சர். இந்த வேலையில கை எப்பவும் ஈரம். ஒரு தடவை கிரைண்டர்ல கரண்ட் அடிச்சுருக்கு. பயந்து எடுத்து வச்சேன்." சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள். "அதுவும் ஒரு காரணம்."

இன்னொரு காரணம் என்ன என்று ஜெனிட்டா கேட்கவில்லை.

புதுக் கிட்டார்கள் இரண்டையும் பாயில் கிடத்தினாள். "வாசிங்க" என்றாள்.

அமலோற்பவம் கை கழுவிவிட்டு வந்து ஸ்டாண்டர்டை எடுத்து வாசித்தாள். வயர் இல்லாமல்தான். கொசு பறந்தது. பிளஸ்ஸை எடுத்து வாசித்தாள். கொசு பறந்தது.

"எது உசத்தி?"

"தெரியலையே டீச்சர். இது பாக்க அழகா இருக்கு."

"காந்தம்?"

"தெரியல."

"குமிழை மேல இழுத்துப் பாருங்க."

இழுத்தாள். வாசித்தாள். "ஒண்ணும் மாறலையே. கடைக்காரர் பொய் சொல்லிட்டாரா?"

"அவர் பொய் சொல்லல" என்றாள் ஜெனிட்டா.

அமலோற்பவத்தின் காது மடல் சூடானது.

ஜெனிட்டா மாதாவை இரண்டு கையாலும் தூக்கி அலமாரியில் வைத்தாள். மல்லிகையையும் எடுத்து வைத்தாள். பூப்போட்ட துணியை மடித்தாள். பெட்டியை இழுத்துச் சுவரில் இருந்த பிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, அதில் மாட்டினாள். அரிசி டின்னுக்குள் கைவிட்டு வயரை எடுத்தாள். தான் கட்டிக் கொடுத்த ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. வயரில் ஒட்டியிருந்த அரிசியை உதறினாள்.

பிறகு அமலோற்பவத்தின் முன்னால் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். துப்பட்டா நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நகக்கண்ணில் இருந்த மாவைக்கூட விடவில்லை. தன் மகளாக இருக்கக்கூடிய ஒருத்தி தன் கையைத் துடைக்கிறாள் என்று அமலோற்பவம் நினைத்தாள். தன்னைப் பெற்றவள் துடைக்கிற மாதிரியும் இருந்தது.

"காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு டீச்சர்."

அந்த நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. "அக்கா, மாவு!"

எதிர்வீட்டுச் சலேத். தூக்குச்சட்டியும் கையுமாக நின்றாள்.

அமலோற்பவம் எழப் போனாள். ஜெனிட்டா அவளை முந்திக்கொண்டு எழுந்து, கிரைண்டருக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டாள்.

"டீச்சர், நீங்க போயி..."

"மாவை நான் போடுறேன். வயரை நீங்க போடுங்க."

"எனக்குத் தெரியாதே."

"கிட்டார்ல ஒரு முனை. பெட்டியில ஒரு முனை. அப்புறம் சுவிட்ச்."

"நீங்களே ஒரு தடவை போட்டுக் காட்டிருங்க."

ஜெனிட்டா மாவு சொட்டும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "ஈரக்கைக்கா" என்றாள்.

சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தில் மாவை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

உள்ளே அமலோற்பவம் தனியாக இருந்தாள். பாயில் இரண்டு கிட்டார். கையில் வயர். பக்கத்தில் இருந்ததை எடுத்தாள், அது ஸ்டாண்டர்ட். ஒரு முனையைச் செருகினாள். 'டக்' என்றது. உடம்பு தூக்கிப் போட்டது. கரண்ட் அடிக்கவில்லை. மறுமுனையைச் செருகினாள். சுவிட்சைப் போட்டாள். பெட்டி தொண்டையைச் செருமுகிற மாதிரி முனகியது.

விரலால் ஒரு கம்பியைத் தொட்டாள்.

வீடு முழுக்கக் கேட்டது.

அவள் பயந்து கம்பியைப் பொத்திக்கொண்டாள். வாசலில் பேச்சு நின்றது. பிறகு சலேத்தின் குரல் கேட்டது.

"ஏ ஜெனிட்டா! நீ இங்க நிக்கிற. உள்ள யாரு வாசிக்கிறது?"

ஜெனிட்டா மாவைச் சட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"உன்னத்தான் கேக்குறேன். யாரு உள்ள?"

ஜெனிட்டா திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். அவ்வளவுதான்.

அமலோற்பவம் கம்பியைப் பொத்தியபடியே யோசித்தாள். ரேடியோ என்று சொல்லலாம். டீச்சரோட வேற பிள்ளை என்று சொல்லலாம். ஜெனிட்டா எதையும் மறுக்க மாட்டாள். மாவை ஊற்றிவிட்டுப் போய்விடுவாள், காலையில் பஸ் ஏறிவிடுவாள். காணிக்கைப் பாட்டின்போது குழுவில் டீச்சரின் நாற்காலி காலியாக இருக்கும்.

"நான்தான்டி" என்றாள் அமலோற்பவம்.

"என்னது?"

"நான்தான். அமலோற்பவம்!" கிரைண்டர் ஓடும்போது கத்துகிற அதே குரலில் சொன்னாள்.

"அடியாத்தி! மாவரைக்கிற கையா அது? இன்னும் கொஞ்சம் வாசிக்கா. அடுப்புல ஒண்ணும் இல்ல, நிக்கிறேன்."

அமலோற்பவம் காணிக்கைப் பாட்டை வாசித்தாள். முதல் வரியிலேயே தப்பு வந்தது. தப்பும் வீடு முழுக்கக் கேட்டது. ஒரு வருஷமாக அவள் பயந்த தப்பு அதுதான். கிரைண்டர் சத்தத்தில் வராத தப்பா? வந்திருக்கும். அவள் காதிலேயே விழுந்திருக்காது. திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை சரியாக வந்தது.

சலேத், "மாதாவே!" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். தெருவுக்குச் செய்தி அவள் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். இனி மறைக்க ஒன்றுமில்லை.

ஜெனிட்டா கை கழுவாமல் வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. மாவுக் கையால் துடைக்க முடியவில்லை.

"அடுத்ததை வாசிங்க" என்றாள்.

அமலோற்பவம் சுவிட்சை அணைத்தாள். வயரைக் கழற்றிப் பிளஸ்ஸில் செருகினாள். திரும்பச் சுவிட்சைப் போட்டாள். இந்தத் தடவை உடம்பு தூக்கிப் போடவில்லை. அதே பாட்டு. குமிழை மேலே இழுத்தாள், சத்தம் மெலிந்து பளிச்சென்று ஆனது. அழுத்தினாள், திரும்பத் தடித்தது. கடைக்காரர் சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இருந்தது.

கம்பியை இழுத்துப் பிடிக்கிற இடம் வந்தது. இழுத்தாள். ஸ்டாண்டர்டில் அந்த அழுகை சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. இதில் ஓயாமல் நின்றது. அவள் விரலை எடுக்காத வரைக்கும் நின்றது.

திரும்ப ஸ்டாண்டர்டில் செருகிப் பார்த்தாள். திரும்பப் பிளஸ்ஸில் செருகினாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"எனக்கு இது."

மடியில் இருந்தது பிளஸ். சொன்ன பிறகுதான் அமலோற்பவத்துக்கு அது உறைத்தது. முகப்பு மரத்தில் ஓடிய வரிகளைப் பார்த்தாள். பாடகர் குழுவில் பாடுகிற காலேஜ் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்து நின்றன. பழைய கவலை மெதுவாக எழுந்து, உட்கார இடம் தேடியது.

"காதுக்கு இதுதான் பிடிச்சிருக்கு. ஆனா நான் எட்டாவதுதானே டீச்சர். நிஜமாவே கேக்குறேன், சிரிக்காதீங்க. பிளஸ்ஸுக்கு என்ன படிச்சிருக்கணும்?"

ஜெனிட்டா சிரிக்கவில்லை. மாவு காய்ந்து வெளுத்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கிட்டாரிலிருந்து பெட்டிக்கு ஓடிய வயரைப் பார்த்தாள்.

"வயர் செருகத் தெரிஞ்சிருக்கணும்கா" என்றாள்.